மலை மாதிரி இருந்துச்சு

ஆய்வகத்தில் அவளுக்குச் சக்கரக்கா என்று பெயர். பெயர் வைத்தவர்கள் ரொம்ப மெனக்கெடவில்லை. அவள் வேலை கல் தேய்க்கும் சக்கரத்தில். போதாததற்குக் காலிலும் ஒரு சக்கரத்தைக் கட்டிக்கொண்டு பிறந்தவள். உட்கார்ந்தால் எழுந்திருப்பாள், எழுந்தால் சன்னலுக்குப் போவாள், சன்னலிலிருந்து தண்ணீர்க் குழாய்க்கு, குழாயிலிருந்து மறுபடி நாற்காலிக்கு. ஒரு டீயை அவள் உட்கார்ந்து குடித்து முடித்ததாகச் சரித்திரம் இல்லை. பாதி டீ சன்னல் விளிம்பில் ஆறிப்போய் நிற்கும், மேலே கல்தூள் ஆடையாகப் படிந்திருக்கும்.

அது பாறைகளை ஆராயும் அரசாங்க அலுவலகம். படித்தவர்கள் ஜீப்பில் ஏறி நாடு முழுக்கப் போவார்கள். சுத்தியலால் உடைத்ததைத் துணிப்பையில் போட்டுக் கொண்டுவருவார்கள். ஒவ்வொரு கல்லிலிருந்தும் ஒரு வில்லை அறுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, வெளிச்சம் ஊடுருவும் வரைக்கும் தேய்த்துக் கொடுப்பது சக்கரக்காவின் வேலை. தலைமுடியை விட மெல்லிசாக வரவேண்டும். கல்லுக்குள் எங்கேயம்மா வெளிச்சம் போகும் என்று சிரிக்கிறவர்களோடு அவள் மல்லுக்கு நிற்பதில்லை. "கண்ண வச்சுப் பாருங்க" என்று நுண்ணோக்கியை விட்டு நகர்ந்துகொள்வாள். சிரித்தவர்கள் அப்புறம் லேசில் எழுந்திருக்க மாட்டார்கள்.

அந்தக் குழல் வழியாகத்தான் அவளுக்குத் தன் நாடு தெரியும். கடலோரச் சமவெளியிலிருந்து மணற்கல் வந்தால் உருண்டை உருண்டையாக மணல் மணிகள். சுண்ணாம்புக்கல் வந்தால் ஊசிமுனை அளவுக்குச் சிப்பிகள். அதைத் தாண்டிப் பழைய தட்டை நிலம். நாட்டிலேயே மூத்த பாறை அங்கேதான், கிரானைட்டும் வரிவரியாக ஓடும் அதன் பங்காளிகளும். சீவிப் பார்த்தால் பெரிய பெரிய பரல்கள், கூட்டுக் குடும்பம் மாதிரி இடைவெளியே இல்லாமல் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும். அப்புறம் கரிய மேட்டுநிலம், எரிமலைக் குழம்பு ஓடி உறைந்த இடம். அந்தக் கல்லுக்குள் தீப்பெட்டியைக் கொட்டிக் கவிழ்த்தது போல ஒரே குச்சிகள். கடைசியில் மலைகள். அங்கே எல்லாப் பாறையும் நசுங்கி, வெந்து, பழைய உருவத்தை விட்டுவிட்டு வேறாகி நிற்கும். அதில் இருக்கும் மைக்கா மட்டும் குழலுக்குள் பச்சையும் ஊதாவும் ரோஜா நிறமுமாக நெளிந்து ஓடும். மலைக்கல் வந்த நாட்களில் சக்கரக்கா வீட்டுக்குப் போகும் பேருந்தைக் கோட்டை விட்டிருக்கிறாள்.

நேரில் பார்த்தது என்று கேட்டால், ஒன்றுமில்லை. வீடு, பேருந்து, ஆய்வகம், பேருந்து, வீடு. இதில் பெரிய கொடுமை, அவள் கணவர் அதே அலுவலகத்தில் ஜீப் டிரைவர். நாட்டில் அவர் சக்கரம் உருளாத மூலை கிடையாது. மாதக்கணக்கில் மலையில் கிடந்துவிட்டு, சட்டை முழுக்கப் புழுதியோடு வந்து இறங்குவார். இவள் தண்ணீரைக் கொடுத்துவிட்டு அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"எப்படிங்க இருந்துச்சு மலை?"

"மலை மாதிரி இருந்துச்சு."

"அந்தக் கருப்பு மேடு?"

"கருப்பா இருந்துச்சு. மேடா இருந்துச்சு. ரோடுதான் சரியில்ல."

அவ்வளவுதான், துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விடுவார். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று அவள் அடுப்படியில் பாத்திரத்தைப் போட்டு உருட்டுவாள். கல்லுளிமங்கனுக்குக் கல் தேய்க்கிறவளைக் கட்டிவைத்தவர்களை நினைத்து நாலு வார்த்தை சொல்வாள். "அம்மாவுக்குக் கால்ல சக்கரம், வண்டி மட்டும் அப்பாகிட்ட" என்று மகள் சிரிப்பாள். இவளுக்குச் சிரிப்பு வராது.

வருஷா வருஷம், குழுக்கள் கிளம்பும் பருவத்தில், தன்னையும் ஒரு முறை அனுப்பச் சொல்லி எழுதிக் கொடுப்பாள். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகருமாம்; அந்த அலுவலகம் அம்மியை விடக் கனம். ஆய்வகப் பணிக்கு வெளிப்பயணம் தேவையில்லை என்று ஒரே பதில் வரும். தலைமை அதிகாரி மேடம் கெட்டவர் இல்லை. "நீங்க போயிட்டா இங்க யாருங்க தேய்ப்பாங்க?" என்று உண்மையான கவலையோடு கேட்பார். அது பாராட்டா தண்டனையா என்று சக்கரக்காவுக்குக் கடைசி வரை விளங்கவில்லை. அந்த வருஷம் மறுபடி எழுதிக் கொடுத்தாள். அடுத்த பருவம் வருவதற்குள் அவளுக்கு ஓய்வு. இதை விட்டால் இனிமேல் கிடையாது.

அதே சமயத்தில்தான் அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் ஒரு காட்சியறை தயாராகிக்கொண்டிருந்தது. நாட்டின் ஒவ்வொரு நிலப்பகுதிக்கும் ஒரு நுண்ணோக்கி, அதில் சக்கரக்கா தேய்த்துக் கொடுத்த அந்தப் பகுதிக் கல்லின் சீவல். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து பார்ப்பார்கள். கடலோரம், தட்டை நிலம், மேட்டுநிலம் எல்லாம் முடிந்துவிட்டன. மலைக்கல் மட்டும்தான் பாக்கி. கணவாய்க்குப் போன குழு திரும்பி வரும்போது ஒரே ஒரு கட்டிதான் கொண்டுவந்தது; கல் எடுத்த இளம் ஆய்வாளர், எல்லோருக்கும் சின்ன சார், அங்கேயே வழுக்கி விழுந்து கால் எலும்பை முறித்துக்கொண்டதால், தூக்கி வந்ததே பெரிய காரியம். வெள்ளியாய் மின்னும் மைக்கா, நடுநடுவே மாதுளை முத்து போலச் சிவப்பு மணிகள். அதில் ஒரு வில்லைக்கு மட்டும் காணும் சின்னத் துண்டை உடைத்து சக்கரக்காவிடம் கொடுத்துவிட்டு, மீதியைப் பொடியறைக்கு அனுப்பினார்கள். பொடியறைக்காரி அதை இடித்து மாவாக்கி வேதியியல் சோதனைக்குக் கொடுத்துவிட்டாள். அவளும் இவளைப் போலத்தான், ஊர் ஊராகக் கல்லை இடித்திருக்கிறாளே தவிர, ஓர் ஊரையும் கண்டதில்லை.

இங்கே சீவல் தொழிலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கல்லைத் தேய்க்கத் தேய்க்க, குழலுக்குள் அதன் நிறம் மாறிக்கொண்டே வரும். பளிங்குப் பரல் மஞ்சளாகத் தெரிந்தால் இன்னும் தடிப்பு. சாம்பல் வெள்ளைக்கு வந்துவிட்டால் சரி. அந்த நிமிஷத்தில் கையை எடுத்துவிட வேண்டும். இன்னும் ஒரு சுற்று, இன்னும் ஒரே ஒரு சுற்று என்று போனால் கல்லே இருக்காது, கண்ணாடிதான் மிஞ்சும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் இப்படிக் கல்லைத் தொலைத்திருக்கிறார்கள். சக்கரக்கா தொலைத்ததில்லை. அதற்குக் காரணம் கைப்பக்குவம் என்று எல்லோரும் சொல்வார்கள். நிஜக் காரணம் அவளுடைய இருப்புக்கொள்ளாமைதான். நாலு சுற்றுக்கு மேல் அவளால் உட்கார முடியாது. எழுந்து குழலுக்கு ஓடுவாள், பார்ப்பாள், வருவாள், மறுபடி ஓடுவாள். கல் தப்பித்துப் போக அவள் அவகாசமே கொடுத்ததில்லை.

மலைக்கல்லைத் தேய்க்க வேண்டிய அன்று காலையில் மனுவுக்குப் பதில் வந்தது. அதே பதில். அவள் அதைப் படித்துவிட்டு மடித்து மேசை இழுப்பறையில் போட்டாள். மலைக்கல்லின் தகட்டை எடுத்துக்கொண்டு சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. சன்னலுக்குப் போகத் தோன்றவில்லை. டீ வந்தது, சூடாகவே குடித்து முடித்தாள். உள்ளே ஏதோ ஒன்று இத்தனை வருஷமாகப் பிறாண்டிக்கொண்டிருந்தது, அன்றைக்கு அது படுத்துவிட்டது. விரல்நுனிக்கு அடியில் தகடு வழுவழுவென்று ஓடியது. எவ்வளவு நேரம் என்று தெரியாது.

கடைசியில் தகட்டைக் கழுவித் துடைத்துக் குழலின் கீழே வைத்தாள். ஒன்றும் தெரியவில்லை. வெளிச்சத்தைக் கூட்டினாள். தகட்டை எடுத்துச் சன்னலுக்கு நேராகப் பிடித்தாள். எதிர்க் கட்டடம் தெரிந்தது, கொடியில் காயும் துணி தெரிந்தது. கல் இல்லை.

மறைக்கத் தெரிந்தவள் இல்லை அவள். நேராக மேடத்தின் அறைக்குப் போனாள்.

"மேடம், கல்லு போயிருச்சு."

மேடம் தகட்டை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினார். "எங்க போயிருச்சு?"

"தேஞ்சு போயிருச்சு. முழுசா."

"நீங்களா? உங்க கையிலயா?"

மேடம் தொலைபேசியில் மாறி மாறிப் பேசினார். பொடியாக்கிய கல்லைத் திரும்பக் கல்லாக்க முடியாது. கணவாய்ப் பாதையைப் பனி மூட இன்னும் கொஞ்ச நாள்தான். சின்ன சார் கட்டுப் போட்ட காலோடு படுக்கையில். மற்றவர்கள் ஆளுக்கொரு திசையில் இருக்கிறார்கள். அந்த இடத்தில் பாறை முழத்துக்கு முழம் மாறுமாம். நாலு உடைத்துப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்த ஆள் வேண்டும். அந்தக் குழுவை ஓட்டிப்போன டிரைவர் சக்கரக்காவின் கணவர்தான்; அவருக்குக் கல் எடுத்த மலை வளைவு தெரியும், கல் தெரியாது. சக்கரக்காவுக்குக் கல் தெரியும், வழி தெரியாது. கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்கிற கதைதான்.

மேடம் தொலைபேசியை வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "சரி. நீங்களே உங்க வீட்டுக்காரரோட போயிட்டு வாங்க. வேற வழியில்ல." கொஞ்சம் நிறுத்தி, "காலையில மனு திரும்பி வந்துச்சு. மத்தியானம் கல்லு காணாமப் போச்சு. நான் ஒண்ணும் சொல்லல" என்றார். அதைவிட அவர் சொல்லியே இருக்கலாம்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? சாயங்காலத்துக்குள் நடைபாதை முழுக்க அதே பேச்சு. கெட்டிக்காரிப்பா, வேலையைக் காட்டிவிட்டாள் என்று சிலர் மெச்சினார்கள். அந்த மெச்சல்தான் அவளை அறுத்தது. ஒரு கல்லைக்கூடத் தொலைக்காதவள் என்ற பெயர் அவளுக்கு இருந்த ஒரே சொத்து. இப்போது போனால் வேண்டுமென்றே தொலைத்தாள் என்றாகி அந்தப் பெயரும் போகும். போகாவிட்டால் மலை போகும். வீட்டுக்கு வந்து குட்டி போட்ட பூனை மாதிரி கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். கணவர் பையில் துணியை மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, வேணும்னேதான் தேய்ச்சியா?"

அவளுக்குச் சுருக்கென்றது. "நீங்களுமா?"

"கேட்டேன். கேக்கக் கூடாதா?"

"கேக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு அவள் நடையைத் தொடர்ந்தாள். கடைசியில் பரணிலிருந்து தன் பையை இறக்கினாள். சொல்கிறவர்கள் சொல்லட்டும். பேரை வைத்துக்கொண்டு சன்னலில் நின்றது போதும் என்று தோன்றியது.

ஜீப்பில் ஏறிய பிறகு அவர் பாடு திண்டாட்டமாகிவிட்டது. "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்துவாள். கடலோரச் சமவெளியை விட்டு ஏறும் இடத்தில் மணற்கல் தெரிந்ததென்று ஒரு தடவை. தட்டை நிலத்தில் யானைக் கூட்டம் படுத்தது போலக் கிடந்த கிரானைட் குண்டுகளுக்காக நாலைந்து தடவை. இறங்கி ஓடித் தொட்டுப் பார்ப்பாள், முகம் விழுந்துவிடும். வெளியே கிடக்கும் கல்லுக்கு அவள் அறிந்த நிறம் ஒன்றும் இல்லை. மழையும் வெயிலும் தின்ற துருத்தோல், மேலே பாசி, பறவை எச்சம். உள்ளே அத்தனை நெருங்கிப் பழகியதை வெளியே அடையாளம் தெரியவில்லையே என்று ஆற்றாமையாக இருந்தது. அப்புறம் கரிய மேட்டுநிலம் வந்தது. பிரம்மாண்டமான படிக்கட்டு மாதிரி, ஓர் எரிமலைப் பெருக்கின் மேல் இன்னொன்றாக அடுக்கடுக்காக உறைந்து நின்ற பாறை. அவள் இருக்கையில் எழுந்து நிற்கப் பார்த்துத் தலையை இடித்துக்கொண்டாள்.

"படி படியா இருக்குங்க!"

"ம்" என்றார் அவர், கியரை மாற்றிக்கொண்டே.

மலையேறியதும் குளிர் முகத்தில் அறைந்தது. கணவாய்க்குக் கீழே ஒரு வளைவில், யாரும் சொல்லாமலே அவர் வண்டியை ஓரங்கட்டினார். பக்கவாட்டில் பழுப்பேறிய பாறைச் சுவர். எல்லாம் ஒரே மாதிரி இருந்தது. சக்கரக்கா சுத்தியலோடு அங்கும் இங்கும் ஓடி இரண்டு இடத்தில் உடைத்துப் பார்த்தாள். மைக்கா இருந்தது, சிவப்பு மணிகளைக் காணோம். மேகம் வேறு இறங்கிக்கொண்டிருந்தது. கல் இல்லாமல் திரும்பினால் ஊர் பார்க்க வேண்டுமென்றே தேய்த்தாள் என்ற பேச்சு கல்வெட்டாகிவிடும்.

"அங்க இல்ல, இந்தப் பக்கம்" என்றார் கணவர், வண்டியில் சாய்ந்தபடி. "மஞ்சப் பாசி படந்திருக்கு பாரு, அதுக்குக் கீழ தண்ணி சொட்டுற இடம். அதான் நல்ல கல்லு. காலை வெயில் பட்டா வெள்ளித் தகடு மாதிரி இருக்கும், சாயங்காலம் பாத்தா அந்தச் செவப்பு மணியெல்லாம் உள்ளேருந்து..." சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

அவள் சுத்தியலைக் கீழே இறக்கினாள். "என்ன சொன்னீங்க?"

"கீழ தண்ணி சொட்டுதுன்னேன்."

"அப்புறம்?"

அவர் ரோட்டைப் பார்த்தார். மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

"இவ்வளவும் பாத்திருக்கீங்க. மலை மாதிரி இருந்துச்சுன்னு சொன்னீங்களே!"

"மொத தடவ சொன்னேன்ல" என்றார் அவர் மெதுவாக. "கல்யாணம் ஆன புதுசு. கருப்பு மேட்டுக்குப் போயிட்டு வந்து, படி படியா இருக்கு, மழை பேஞ்சா ஒவ்வொரு படியிலயும் அருவி விழுதுன்னு பாதி ராத்திரி வரைக்கும் சொன்னேன். மறுநாள் வேலை முடிஞ்சு வந்தா நீ வீட்டுல இல்ல. பஸ் ஸ்டாண்டுல நிக்கிற. கையில பை கூட இல்ல. எங்க போறன்னு கேட்டா, தெரியல, சும்மா நிக்கிறேன்னு சொன்ன. ரெண்டு மூணு நாள் அப்படியே போய் நின்னே. எனக்குப் பயமாயிருச்சு. நான் சொல்லாம இருந்தா நீ சும்மா இருப்பன்னு நெனச்சேன்."

"சும்மா இருந்தேனா?"

"இல்ல."

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரு வாழ்க்கை முழுக்கப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு, அத்தனை மலையையும் வாய்க்குள் அடக்கி வைத்திருந்த மனுஷன்! அந்தக் கோபத்தோடே பாசிக்குக் கீழே ஓங்கி ஒரு போடு போட்டாள். பாறை பிளந்தது. உள்ளே வெள்ளிப் பரப்பில் சிவப்பு மணிகள், ஈரத்தோடு. பார்த்ததும் தெரிந்துவிட்டது. இவ்வளவு தூரம் கடந்து வந்து, கடைசியில் அறிந்த முகம் ஒன்றைப் பார்த்தது போலிருந்தது. அழுகை வந்தது, அழுதாள். அவர் வந்து பையை விரித்துப் பிடித்தார்.

"நான் வேணும்னே தேய்க்கல" என்றாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"தெரியும். வேணும்னே செய்யறவளா இருந்தா எப்பவோ தேய்ச்சிருப்ப."

இந்தத் தடவை நாலு கட்டி எடுத்தார்கள். வண்டியில் ஏறியதும் அவள் கதவை அறைந்து சாத்தினாள். "ம், சொல்லுங்க."

"எத?"

"எல்லாத்தையும். மொதல்லேருந்து."

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார். மலை இறங்கி, மேட்டுநிலம் கடந்து, தட்டை நிலம் முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். பாறை நிழலில் தூங்கியது, மணற்கல் குகையில் மழைக்கு ஒதுங்கியது, சலவைக்கல் வெட்டும் பள்ளத்தில் நிலா வெளிச்சத்துக்குக் கண் கூசியது. நடுநடுவே அவள், "பாவி மனுஷா" என்று தோளில் குத்தினாள். ஊர் எல்லைக்கு வரும்போது அவருக்குக் குரல் கட்டிப் போயிருந்தது.

மறுநாள் காலை சக்கரத்தின் முன் உட்கார்ந்தாள். நாலு சுற்று தேய்த்தாள், எழுந்து ஓடினாள். பார்த்தாள், வந்தாள், மறுபடி ஓடினாள். டீ சன்னலில் ஆறியது. மத்தியானத்துக்குள் பளிங்குப் பரல்கள் சாம்பல் வெள்ளைக்கு வந்தன, மைக்கா பச்சையும் ரோஜாவுமாக ஓடியது. மேடம் குழலில் கண் வைத்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, நல்லா வந்திருக்கு என்று மட்டும் சொன்னார். மனதில் இன்னும் சந்தேகம் இருந்ததோ என்னவோ. சக்கரக்கா அதைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை.

வெளியே பொடியறைக்காரி காத்துக்கொண்டிருந்தாள். முகம், தலை, இமை எல்லாம் கல்மாவு. கையைத் துடைக்காமல் சக்கரக்காவின் முழங்கையைப் பிடித்தாள்.

"அக்கா, எப்படிக்கா இருந்துச்சு மலை?"

அந்தக் கண்ணைப் பார்த்ததும் சக்கரக்காவுக்குத் திக்கென்றது. அதே கண்ணைத் தன் வீட்டு முகம்பார்க்கும் கண்ணாடியில் பார்த்திருக்கிறாள். இவளுக்கும் வீடு இருக்கிறது, சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், இதே நடைபாதையில் கழிக்க இன்னும் எத்தனையோ வருஷம் இருக்கிறது. கணவர் சொல்லிவந்த அந்த மூன்று வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லை. அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று முதல் தடவையாக அவளுக்குப் புரிந்தது, அவர் மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது.

"மெஷினை நிறுத்திட்டு வா" என்றாள். "உக்காரு. சொல்றேன்."

அன்று மத்தியானம் பொடியறையில் ஒரு கல்லும் இடிபடவில்லை. மறுநாள் காலையிலும் இடிபடவில்லை. மேடம் வந்து தன் அறையைத் திறக்கும்போது, முகம் கழுவி, தலை வாரி, கையில் மனுவோடு பொடியறைக்காரி வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.